ஹமாமட்சு முதல் அசோ வரை: மோட்டார் சைக்கிள் பிறந்த ஊர்களில் ஒரு பயணம்

புதன்கிழமை, ஹமாமட்சு

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கும் ஹமாமட்சுவில் நொசோமி என்னும் அதிவேக ஷிங்கன்சென் ரயில்கள் நிற்பதில்லை. கொடாமா நிற்கும்; ஹிகாரியில் சில மட்டும் நிற்கும். இப்படி விரைவு ரயில்கள் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் இந்த நடுத்தர நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பித்தான் ஹோண்டா, சுஸுகி, யமஹா ஆகிய மூன்று நிறுவனங்களும் தோன்றின. ஜப்பானின் நான்கு பெரும் மோட்டார் சைக்கிள் நிறுவனங்களில் கவாஸாகி ஒன்றுதான் மேற்கே கோபே பக்கத்தைச் சேர்ந்தது.

ஏன் இந்த ஊர் என்று கேட்டால், மோட்டார் சைக்கிளுக்கு முந்தைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. டென்ரியூ ஆற்றின் மேல்பகுதி மலைகளிலிருந்து மரம் வந்தது. மரவேலை தெரிந்தவர்கள் தறியும் இசைக்கருவியும் செய்தார்கள். தறி செய்யப் பழகிய பட்டறைகள் இரும்பு வேலைக்கும் எந்திரக் கருவிகளுக்கும் வளர்ந்தன. போர்க்காலத்தில் அதே பட்டறைகள் விமான உதிரிபாகங்களைச் செய்தன. 1945இல் போர் முடிந்தபோது குண்டுவீச்சில் நகரம் சிதைந்து கிடந்தது. ஆனால் கடைசல் எந்திரத்தை இயக்கத் தெரிந்த கைகள் மிச்சமிருந்தன, அவற்றுக்கு வேலை இல்லை, மக்களுக்குப் போக்குவரத்து இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் இந்த ஒரு நகரத்திலேயே பல பத்து நிறுவனங்கள் மோட்டார் சைக்கிள் செய்யக் கிளம்பின; நாடு முழுவதும் எண்ணினால் இருநூறு தேறும் என்பார்கள். ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டாவிடம் தொழில் பழகிய மசாஷி இத்தோ என்பவர் ‘லைலாக்’ என்ற பெயரில் செயின் இல்லாத, ஷாஃப்ட் மூலம் சக்கரம் சுழலும் நேர்த்தியான வண்டிகளைச் செய்தார். 1960களில் அந்த நிறுவனமும் மூடப்பட்டது. மூன்று பேர் வென்ற கதையை உலகம் சொல்கிறது. எனக்கென்னவோ தோற்றவர்களின் எண்ணிக்கைதான் இந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்வதாகப் படுகிறது.

டகட்சுகா ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், தலைமை அலுவலகத்துக்கு எதிரே, சுஸுகியின் வரலாற்றுக் காட்சியகம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றிப் பார்க்கலாம். மிச்சியோ சுஸுகி 1909இல் தொடங்கியது தறித் தொழிற்சாலை. ஆகவே முதலில் நிற்பவை தறிகள். 1950களின் தொடக்கத்தில் பருத்திச் சந்தை சரிந்து தறிக்கு வாங்குவாரில்லாமல் போன நேரத்தில், அவருடைய மருமகன் ஷுன்ஸோ சுஸுகி எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து மீன்பிடிக்கப் போன ஒரு நாளில் ‘இதற்கு ஒரு எஞ்சின் இருந்தால்’ என்று நினைத்தார் என்பது நிறுவனம் சொல்லும் கதை. 1952இல் வந்த ‘பவர் ஃப்ரீ’ என்ற 36 சிசி வண்டி அதன் விளைவு.

அந்த வண்டிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண சைக்கிள் சட்டத்தின் நடுவே, பெடல்களுக்கு அருகில், கைக்கு அடக்கமான எஞ்சின். சைக்கிளில் ஒரு பல்சக்கரம் இருக்கும் இடத்தில் இதில் இரட்டை ஸ்ப்ராக்கெட். அதனால் எஞ்சினை மட்டும் ஓடவிடலாம், எஞ்சினை நிறுத்திவிட்டு மிதிக்கலாம், ஏற்றத்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் இந்த மூன்றாவது வழி எவ்வளவு பெரிய வசதி என்பதை அந்தச் சிறிய பல்சக்கரங்களைப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. சக்தியைக் கூட்டுவதைவிட இருக்கும் சக்தியை வீணாக்காமல் இருப்பதில் இங்கே அறிவு செலவாகியிருக்கிறது.

அதே கட்டடத்தில் 1980இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் அறிமுகமான கட்டானா என்ற வண்டியின் கதையும், 1999இல் வெளிவந்து மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொட்ட ஹயபுசாவின் கதையும் உண்டு. இந்த ஹயபுசாவுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் உள்நாட்டில் விற்கும் வண்டிகளுக்குத் தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டை நெடுங்காலம் கடைப்பிடித்தன: 1980களின் இறுதிவரை 750 சிசிக்கு மேல் விற்பதில்லை, 2007 வரை 100 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை. ஆகவே ஹமாமட்சு நிறுவனத்தின் ஹயபுசாவை ஹமாமட்சுக்காரர் ஒருவர் வாங்க விரும்பினால், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான வண்டியைத் திரும்ப இறக்குமதி செய்துதான் வாங்க வேண்டியிருந்தது. 2014இல்தான் அது உள்நாட்டுச் சந்தைக்கு முறைப்படி வந்தது. உலகத்துக்கு வேகத்தை விற்றுவிட்டு வீட்டுக்குள் நிதானத்தை வற்புறுத்தும் இந்தப் போக்கை வழி நெடுகிலும் பார்க்கப் போகிறேன் என்று அப்போதே தோன்றியது.

மாலையில் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக வேலை பார்க்கும் தமிழ் நண்பர் அங்கே பெரிய வண்டிக்கான உரிமம் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். இங்கே மோட்டார் சைக்கிள் உரிமம் படிப்படியானது. 16 வயதில் 50 சிசி வண்டியும் 400 சிசி வரையிலான வண்டியும் ஓட்டலாம், ஆனால் தனித்தனி உரிமங்கள். அதற்கு மேற்பட்ட பெரிய வண்டிக்கு 18 வயதாக வேண்டும், அதற்கும் தனி உரிமம். 1975இல் வந்த இந்த 400 சிசி எல்லைதான் வேறெங்கும் காணாத அளவுக்கு நுணுக்கமான 400 சிசி வண்டிகளை ஜப்பானில் உருவாக்கியது.

முதல் பாடம் ஓட்டுவது அல்ல. தரையில் சாய்த்துப் போட்ட வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு வருவதுதான் எல்லாரும் அஞ்சும் ஒற்றைப் பாலம்: 30 சென்டிமீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் உயரமுள்ள மேடை. அதன்மேல் 400 சிசி வண்டியில் 7 நொடிக்குக் குறையாமலும், பெரிய வண்டியில் 10 நொடிக்குக் குறையாமலும் ஊர்ந்து போக வேண்டும். சக்கரம் கீழே இறங்கினால் தேர்வு அந்த இடத்திலேயே முடிந்தது. நண்பர் 750 சிசி வண்டியை மேடையில் ஏற்றி, முழங்கால்களால் பெட்ரோல் டாங்கை இறுக்கிக்கொண்டு, கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு விட்டார். பின்புறச் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கைப்பிடி இடமும் வலமுமாக நடுங்கியதே தவிர வண்டி நகர்வதாகவே தெரியவில்லை. பயிற்றுநர் நிறுத்துகடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். இறங்கி வந்த நண்பர், “வேகமா ஓட்ட யாரும் இங்க சொல்லித்தர்றதில்லை அண்ணா, மெதுவா ஓட்டத்தான் காசு கட்டுறோம்” என்றார்.

வியாழக்கிழமை, இவாட்டா

ஹமாமட்சுவுக்குக் கிழக்கே டென்ரியூ ஆற்றைத் தாண்டினால் இவாட்டா. யமஹா மோட்டாரின் தலைமையகமும் அதன் காட்சியகமும் இங்கே இருக்கின்றன, இதற்கும் கட்டணமில்லை.

டொரகுசு யமஹா 1887இல் ஹமாமட்சுப் பள்ளி ஒன்றில் பழுதான ஆர்மோனியம் போன்ற ஆர்கன் கருவியைச் சரிசெய்யப் போய், அதைப் போலவே ஒன்றைத் தாமே செய்து பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த இசைக்கருவி நிறுவனம் போர்க்காலத்தில் விமானங்களுக்கு உந்துசுழலி செய்தது. போருக்குப் பின் சும்மா கிடந்த அந்த எந்திரங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு நிறுவனத் தலைவர் கென்இச்சி கவகாமி கண்ட விடைதான் மோட்டார் சைக்கிள். 1955 ஜூலை 1ஆம் தேதி யமஹா மோட்டார் தனி நிறுவனமானது. மூன்று இசைக்கவைகள் குறுக்காக நிற்கும் பழைய சின்னத்தைப் புதிய நிறுவனமும் வைத்துக்கொண்டது.

முதல் வண்டியான ஒய்ஏ 1, ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியைப் பார்த்துச் செய்தது. அதை யாரும் மறைப்பதில்லை. மற்ற நிறுவனங்களின் வண்டிகள் கருப்பாகவும் கனமாகவும் இருந்த காலத்தில் இது செம்பழுப்பும் தந்த நிறமுமாக மெலிந்து நின்றது. மக்கள் அதற்குச் செந்தும்பி என்று பெயர் வைத்தார்கள். நிறுவனம் தொடங்கிய அதே ஜூலை மாதத்தில் ஃபூஜி மலை ஏற்றப் பந்தயத்தில் 125 சிசி பிரிவில் இந்த வண்டி வென்றது. நவம்பரில் எரிமலைச் சாம்பல் படிந்த அசாமா மேட்டுநிலப் பந்தயத்திலும் முன்னணி இடங்களைப் பிடித்தது. கடைசியாகத் தொழிலுக்கு வந்தவர்கள் என்ற இளக்காரம் அதோடு தீர்ந்தது.

மாலையில் நண்பருடன் பேசிக்கொண்டிருந்தபோது 1980களின் ஹோண்டா, யமஹா போட்டி பற்றிப் பேச்சு வந்தது. முதலிடத்தைப் பிடிப்போம் என்று யமஹா புதிய ஆலைத் திறனோடு இறங்க, ஹோண்டா ஒன்றரை ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய, மாற்றியமைத்த மாடல்களைக் கொட்டியது. சிறிய ஸ்கூட்டர்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. 1983இல் யமஹா பின்வாங்கியது. அந்தப் போரின் உச்சத்தில், 1982இல், உள்நாட்டில் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கடைகளுக்குப் போயின. இன்று ஆண்டுக்கு நான்கு லட்சம் என்ற அளவில் நிற்கிறது. சந்தை சுருங்கியதற்கு அந்தப் போரை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதாது.

அதே 1982இல்தான் உயர்நிலைப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட்டது: மாணவர்களை உரிமம் எடுக்க விடாதே, வண்டி வாங்க விடாதே, ஓட்ட விடாதே. நள்ளிரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கூட்டமாகச் சீறிப் போன போசோசோகு இளைஞர்களும், பெருகிய விபத்துகளும் இதற்குக் காரணங்கள். அவர்களை ஒடுக்க 1978லேயே சட்டம் கடுமையாக்கப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் 16 வயதில் அனுமதித்ததைப் பள்ளிகள் தடுத்தன. சைத்தாமா மாநிலம் 2019இல்தான் இதைக் கைவிட்டு, மாணவர்களுக்குப் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வழிக்கு மாறியது. ஒரு தலைமுறையை வண்டியைத் தொடாமல் வளர்த்துவிட்டு, பிறகு ஏன் இளைஞர்கள் வாங்குவதில்லை என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை, டென்ரியூ மலைப்பாதை

விடியற்காலையில் நண்பர் தம் வண்டியை வீட்டு வாசலில் கிளப்பவில்லை. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி, நியூட்ரலில் போட்டு, தெருவின் கடைசி வரை தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய சாலையில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்தார். நானும் வாடகைக்கு எடுத்திருந்த 250 சிசி வண்டியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன். அக்கம்பக்கத்தார் யாரும் குறை சொன்னதில்லையாம்; சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் முறை.

250 சிசியை நான் தேர்ந்தெடுத்தது வாடகை மலிவு என்பதற்காக. சொந்தமாக வாங்குபவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணம் இருக்கிறது. 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளைப் புதிதாக வாங்கிய மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாய ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். 250 வரை அந்தத் தொல்லை இல்லை. விரைவுச்சாலையில் போக 125 சிசியைத் தாண்டியிருந்தால் போதும். இப்படிச் சட்டத்தின் ஓட்டைக்குள் அல்ல, சட்டத்தின் படிக்கட்டுகளில் பொருந்தும்படி ஜப்பானிய வண்டிகள் வடிவம் பெற்றிருக்கின்றன. விரைவுச்சாலையில் இன்னொருவரைப் பின்னால் ஏற்றிச் செல்ல 2005 வரை அனுமதி கிடையாது என்று கேட்டபோதுதான் கொஞ்சம் மலைப்பாக இருந்தது. சுங்கத்தில் இரு சக்கர வண்டிக்கும் சிறிய ரகக் காருக்கும் ஒரே கட்டணம் என்பது இங்குள்ள ஓட்டிகளின் நிரந்தர முணுமுணுப்பு.

152ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆற்றையொட்டி வடக்கே ஏறுகிறது. முதல் நிறுத்தம் ஃபுடமாடா. சோய்ச்சிரோ ஹோண்டா 1906இல் இந்தப் பக்கத்துக் கோம்யோ கிராமத்தில் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். 1936இல் கட்டிய பழைய நகர மன்றக் கட்டடத்தில் அவருக்கு ஒரு சிறிய நினைவகம் வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனக் காட்சியகங்களின் பளபளப்பு இங்கே இல்லை. அதனாலேயே எனக்குப் பிடித்தது.

சோய்ச்சிரோ சிறுவனாக இருந்தபோது ஹமாமட்சுவில் அமெரிக்க விமானி ஆர்ட் ஸ்மித் விமானம் ஓட்டிக் காட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டு, பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் மிதித்துப் போனார். நுழைவுச்சீட்டுக்குக் காசு போதாமல் பைன் மரத்தில் ஏறிப் பார்த்தார். 15 வயதில் டோக்கியோவின் ஆர்ட் ஷோகாய் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, 1928இல் அதன் கிளையை ஹமாமட்சுவில் தொடங்கினார். பிறகு பிஸ்டன் ரிங் ஆலை நடத்தினார். குண்டுவீச்சும் 1945 ஜனவரி நிலநடுக்கமும் அதைத் தரைமட்டமாக்கின. மிச்சத்தை டொயோட்டா குழுமத்துக்கு விற்றுவிட்டு ஓராண்டு சும்மா இருந்தவர், ராணுவம் ரேடியோக்களுக்கு மின்சாரம் தரப் பயன்படுத்திய சிறு எஞ்சின்களைக் கண்டார். அவற்றில் சுமார் ஐந்நூற்றை வாங்கி, 1946 முதல் சைக்கிளில் பொருத்தத் தொடங்கினார். முதல் மாதிரி வண்டிக்குப் பெட்ரோல் டாங்காக இருந்தது குளிர்காலத்தில் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் கலம். ரேஷன் பெட்ரோல் போதாததால் பைன் வேரிலிருந்து வடித்த எண்ணெயையும் கலந்தார்கள். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தவர் அவர் மனைவி சச்சி. எஞ்சின்கள் தீர்ந்ததும் சொந்தமாக எஞ்சின் செய்தே ஆக வேண்டியதாயிற்று. 1948 செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் பிறந்தது.

ஹோண்டாவின் மேதைமையைப் பற்றி நிறையச் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே நின்றபோது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. 1949இல் வந்து சேர்ந்த டகேயோ ஃபுஜிசாவா பணத்தையும் விற்பனையையும் பார்த்துக்கொண்டிராவிட்டால், லைலாக்கோடு இன்னொரு பெயராக இதுவும் போயிருக்கும். 1958 ஆகஸ்டில் வந்த சூப்பர் கப் வண்டியின் ஆரம்பமே ஃபுஜிசாவாவின் நச்சரிப்புதான். நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டத்தக்க வண்டி வேண்டும் என்றாராம். அதனால்தான் கிளட்ச் பிடி இல்லாத கியர், கால் மறைப்பு, குறுக்கே தாண்ட வசதியான சட்டம். 2017இல் அந்த வண்டியின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது.

ஃபுடமாடாவுக்கு மேலே சாலை குறுகி, இருபுறமும் செடார் மரங்கள் நெருங்கி வந்தன. எதிரே வரும் ஓட்டிகள் இடக்கையைத் தூக்கி வணக்கம் சொல்லிப் போனார்கள். வலக்கை ஆக்சிலரேட்டரை விட முடியாதல்லவா? வளைவுக்குள் இருப்பவர் கை தூக்க வேண்டியதில்லை என்பதும், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் எழுதப்படாத விதி.

வழியோர ஓய்வு நிலையம் ஒன்றில் இறங்கினோம். 1993இலிருந்து அரசு பதிவுசெய்துவரும் இத்தகைய நிலையங்கள் இன்று நாடெங்கும் 1,200க்கு மேல் இருக்கின்றன. கழிப்பறை, உள்ளூர்க் காய்கறி, நூடுல்ஸ் எல்லாம் ஓரிடத்தில் கிடைப்பதால் இவையே ஓட்டிகளின் சந்திப்பு மையம். வண்டிகள் ஒரே கோணத்தில் சாய்ந்து வரிசையாக நின்றன. ஹெல்மெட்டைக் கழற்றியவர்களில் நரைக்காத தலைகள் குறைவு. புதிய வண்டி வாங்குவோரின் சராசரி வயது இங்கே ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அறுபதைக் கடந்த ஒருவர் தம் 750ஐத் துடைத்துக்கொண்டிருந்தார். நண்பர் மொழிபெயர்க்க, பேசினார். 1996 வரை பெரிய வண்டி உரிமத்துக்குப் பயிற்சிப் பள்ளியில் தேர்வு முடிக்கும் வழி இல்லை. காவல்துறை உரிம மையத்துக்கே போய்த் தேர்வு எழுத வேண்டும், அங்கே தேறுபவர்கள் மிகச் சிலர். இவர் பலமுறை போய்த் தேறியவர். திருமணம், குழந்தை என்றதும் வண்டியை விற்றார். ஓய்வு பெற்றதும் அதே மாடலைத் தேடி வாங்கியிருக்கிறார். “பிள்ளைகள் ஓட்டுகிறார்களா?” என்று கேட்டேன். இல்லையாம். பள்ளியில் தடை, பிறகு ஆசை வரவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

சனி, ஞாயிறு, சுஸுகா

நகோயா போய், கிண்டெட்சு ரயிலில் ஷிரோகோ நிலையத்தில் இறங்கினால் சுஸுகா. ஹோண்டா 1960இல் இங்கே சூப்பர் கப் ஆலையையும் 1962இல் பந்தயத் தடத்தையும் திறந்தது. நெல்வயலை அழித்துப் பந்தயத் தடம் கட்டக் கூடாது என்று சோய்ச்சிரோ சொன்னதால் திட்டம் பக்கத்துக் குன்றுப் பகுதிக்கு மாறியதாம். டச்சுக்காரர் ஜான் ஹூகன்ஹோல்ட்ஸ் வரைந்த 5.8 கிலோமீட்டர் தடம் எட்டு என்ற இலக்கம் போலத் தன்னையே மேலும் கீழுமாகக் கடந்து செல்கிறது.

1978இலிருந்து நடந்துவரும் எட்டு மணி நேரப் பந்தயம்தான் ஜப்பானிய ஓட்டிகளின் கோடைத் திருவிழா. முந்தைய மாலையில் ஊர் நடுவே ஓட்டிகளின் ஊர்வலம் போனது. சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் கையசைத்தார்கள். ஓட்டிகள் ஆக்சிலரேட்டரை முறுக்காமல் தலை வணங்கினார்கள். நாடு முழுவதும் இந்த வண்டிகளுக்கு நகரங்களில் நிறுத்த இடமில்லை. 2006இல் நிறுத்துமிடச் சட்டம் கடுமையானதிலிருந்து அபராதம்தான் மிச்சம். இந்த ஓர் ஊர் மட்டும் அவர்களைக் கைதட்டி வரவேற்கிறது.

ஞாயிறு காலை 11:30க்கு ஓட்டிகள் தடத்தின் குறுக்கே ஓடிவந்து வண்டியில் தாவி ஏறினார்கள். முடிவு இரவு 7:30க்கு. ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்து நிழலில் நின்றவர்களையே வாட்டியது. பெரிய அணிகளைவிட ஆலைப் பணியாளர்களே நடத்தும் அணிகள்தான் என்னைக் கவர்ந்தன. வாரம் முழுவதும் உற்பத்தி வரிசையில் நிற்பவர்கள், தங்கள் சொந்த நேரத்தில் வண்டியைத் தயார்செய்து உலகத்தரத்து அணிகளோடு அதே தடத்தில் ஓட்டுகிறார்கள். பந்தயத்தின் நடுவே சக்கரம் மாற்றிப் பெட்ரோல் போடும் ‘பிட்’ என்ற இடத்தில் வண்டி வந்து நின்றதும் ஒருவர் பின்சக்கரத்தைத் தூக்க, ஒருவர் அச்சை உருவ, ஒருவர் பெட்ரோலை ஊற்ற, எவரும் எவர் மீதும் மோதவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் அவர்களது ஆலையிலிருந்து வந்த சக ஊழியர்கள் ஒரே நிறச் சட்டையில் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆண்டுப் பந்தயத்தை ஹோண்டாவின் சொந்தத் தடத்தில் வென்றது ஹோண்டா அல்ல. அமெரிக்கப் படைவீரர்களின் வண்டிகளைச் சீர்செய்து தொழில் தொடங்கிய ஹிதேயோ யோஷிமுரா என்ற பட்டறைக்காரர் தயாரித்த சுஸுகி. வெஸ் கூலியும் மைக் பால்ட்வினும் ஓட்டினார்கள். பெருநிறுவனம் பட்டறையிடம் தோற்ற அந்த நாளை இங்கே வருபவர்கள் இன்னும் சுவையோடு பேசுகிறார்கள். இருட்டிய பிறகு முகப்பு விளக்குகள் மட்டும் வளைவில் கோடு போடுவதைப் பார்த்தேன். முடிந்ததும் பல்லாயிரம் பேர் தங்கள் குப்பையைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, கோபே

கோபே துறைமுகத்தில் கடல்சார் காட்சியகத்துக்குள் கவாஸாகியின் பகுதி இருக்கிறது. கப்பல், ரயில், ஹெலிகாப்டர் ஆகியவற்றின் நடுவே மோட்டார் சைக்கிளும் ஓர் உற்பத்திப் பொருளாக நிற்கிறது. ஆலை அருகிலுள்ள அகாஷியில். 1924இல் தொடங்கிய மெகுரோ என்ற பழம்பெரும் நிறுவனத்தை 1964இல் தன்னோடு இணைத்துக்கொண்டதால்தான் கவாஸாகிக்குப் பெரிய வண்டிகள் கைவந்தன. இவர்கள் 750 சிசி நான்கு சிலிண்டர் வண்டியை ரகசியமாகச் செய்துகொண்டிருந்தபோது, 1968 டோக்கியோ கண்காட்சியில் ஹோண்டா சிபி 750ஐக் காட்டிவிட்டது. கவாஸாகி அவசரப்படவில்லை. திட்டத்தைத் திரும்ப வரைந்து, 903 சிசியாக்கி, 1972இல் இசட் 1ஐ வெளியிட்டது. ஒரே வாரத்தில் பார்த்த நான்கு நிறுவனங்களில் இரண்டாவதாக வருவதன் பயனை இவர்கள்தான் நன்றாகக் கற்றிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை, குமமோட்டோ, அசோ

ஷிங்கன்செனில் கியூஷு தீவுக்கு வந்து, குமமோட்டோவில் மறுபடி ஒரு வண்டி வாடகைக்கு எடுத்தேன். நகரத்திலிருந்து கிழக்கே ஓசு என்ற ஊரில், வயல்களுக்கு நடுவே, ஹோண்டாவின் ஆலை நீள்கிறது. 1976இல் தொடங்கிய இந்த ஆலைக்கு 2008இல் ஹமாமட்சுவின் மோட்டார் சைக்கிள் உற்பத்தி முழுவதும் மாறியது. அதாவது ஹோண்டா பிறந்த ஊரில் இன்று ஹோண்டா மோட்டார் சைக்கிள் உருவாவதில்லை. அமெரிக்காவில் செய்துவந்த கோல்டுவிங் என்ற பெரிய வண்டியும், சீனாவில் செய்துவந்த உள்நாட்டுச் சூப்பர் கப்பும் பிற்பாடு இங்கே வந்து சேர்ந்தன. 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஆலை நின்றது. முழுமையாக மீண்டெழ மாதங்கள் ஆயின. அப்போது இடிந்த அசோ பெரும்பாலத்துக்குப் பதிலாக 2021இல் கட்டிய புதிய பாலத்தின் மேல் ஓட்டிப் போனேன். பள்ளத்தாக்கில் பழைய பாலத்தின் மிச்சத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து மில்க் ரோடு என்னும் பால் பண்ணைச் சாலை அசோ எரிமலைவாயின் வடக்கு விளிம்பின் மேலே ஏறுகிறது. வடக்குத் தெற்காக 25 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டரும் விரிந்த இந்தப் பள்ளத்துக்குள் ஊர்களும் நெல்வயல்களும் ரயில் பாதையும் இருக்கின்றன. விளிம்பில் மரம் கிடையாது; புல்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் எரித்துப் பேணும் புல்வெளி என்பதால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது முன்பே தெரிகிறது. ஓட்டிகள் இந்த இடத்தைக் கொண்டாடுவதற்கு அழகைவிட இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கூரையில்லாத இந்தப் பாதையில் மூன்றாம் கியரிலிருந்து இறங்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தேன்.

936 மீட்டர் உயரத்தில் டைகன்போ காட்சிமுனை. வாகன நிறுத்தத்தில் டென்ரியூவில் கண்ட அதே நரைத்தலைக் கூட்டம். ஒரு மூலையில் மட்டும் இருபது வயதுப் பெண்கள் இருவர், சிறிய வண்டிகளோடு. 50 சிசி வண்டிகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2025 நவம்பரில் தொடங்கிய புகைக் கட்டுப்பாட்டுக்கு அந்தச் சிறு எஞ்சின்களை ஈடுகொடுக்கச் செய்வது கட்டுப்படியாகவில்லை. மாற்றாக, 125 சிசி வரை எஞ்சின் இருந்தாலும் திறனை 4 கிலோவாட்டுக்குள் அடக்கிய வண்டிகளைப் பழைய சிறு உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2025 ஏப்ரலில் விதி மாறியது. மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பும், பெரிய சந்திப்புகளில் வலப்புறம் திரும்ப இரண்டு கட்டமாகச் சுற்றிப் போக வேண்டிய கட்டாயமும், பின்னால் ஆள் ஏற்றத் தடையும் அப்படியே தொடர்கின்றன. எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டு வேகத்தை மட்டும் பழைய இடத்திலேயே கட்டிப்போடுவது, இந்த நாட்டுக்கு எவ்வளவு இயல்பான தீர்வு!

அந்தப் பெண்களின் வண்டிகள் 125 சிசி. முழுத்திறன் கொண்டவையா, அடக்கியவையா என்று கேட்டேன். முழுத்திறன்தானாம். உரிமத்துக்கு ஒற்றைப் பாலத்தில் ஐந்து நொடி ஊர்ந்தார்களாம். அடுத்த ஆண்டு 400க்குப் போவதாகச் சொன்னார்கள். அருகில் நின்ற முதியவர் ஒருவர் எழுந்து வந்து, எந்தப் பயிற்சிப் பள்ளி நல்லது, கிளட்சை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பாடம் எடுக்கத் தொடங்கினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மாலை ஏழு மணிக்குள் டாங்கை நிரப்பி, பெட்ரோல் ரசீதோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதால் பாடத்தின் முடிவு வரை நிற்க முடியவில்லை.